அந்தக் காலிக் கோட்டில் எவ்வளவு எழுதுவது? – சிகாகோ முதல் சான் பிரான்சிஸ்கோ வரை

நாள் 1 – புதன், சிகாகோ

2025 செப்டம்பர். அண்ணன் வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இரண்டு இரவு, ஏழு மாநிலங்கள். மலையும் ஆறும் பார்த்து எழுதலாம் என்றுதான் நாட்குறிப்பைத் திறந்தேன். ஆனால் இன்று மதியம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

அண்ணன், அண்ணன் மகள், நான் மூவரும் வெளியே சாப்பிடப் போனோம். சொல்லி நாற்பது நிமிடமாகியும் எதுவும் வரவில்லை. வந்தபோது அண்ணன் முன்னால் வைத்த தட்டு வேறு யாரோ சொன்னது. பரிமாறிய அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார், தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார், திரும்பி வந்து தண்ணீர் ஊற்றினார். நான் பேசாமல் இருந்தேன். பில்லை நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன்.

இங்கே கார்டை எடுத்துப் போய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டு கொண்டுவந்து வைப்பார்கள். ஒன்று நமக்கு, ஒன்று கடைக்கு. கடைச் சீட்டில் தொகைக்குக் கீழே ஒரு காலிக் கோடு, டிப்ஸுக்கு. அதற்கும் கீழே இன்னொரு காலிக் கோடு, மொத்தத்துக்கு. இரண்டையும் நாம்தான் பேனாவால் எழுதவேண்டும். வரி போக எங்கள் பில் 70 டாலர். நான் முதல் கோட்டில் 7 என்று எழுதினேன். இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு அதுவே அதிகம் என்று அப்போது தோன்றியது.

காரில் ஏறியதும் அண்ணன் மகள் கேட்டாள். “எவ்வளவு எழுதினீங்க அத்தை?”

சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சமையல்கட்டு லேட் பண்ணதுக்கு அவங்க சம்பளத்துல கை வெச்சிட்டீங்க” என்றாள்.

அவள் பக்கத்து மாநிலமான இந்தியானாவில் கல்லூரி படித்தபோது மூன்று வருடம் ஓட்டலில் பரிமாறியவள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினாள். இரண்டு வாரச் சம்பளம். மணிக்கு 2 டாலர் 13 சென்ட் வீதம் ஒரு தொகை. கீழே, டிப்ஸாக வந்ததற்கும் சேர்த்துப் பிடித்த வரி. கடைசி வரியில், கையில் கொடுக்கவேண்டிய தொகை என்ற இடத்தில், 0.00. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பெரும்பாலான வாரங்களில் அப்படித்தானாம். அவள் வாடகை கொடுத்தது, புத்தகம் வாங்கியது எல்லாம் அந்தக் காலிக் கோட்டில் யார் யாரோ எழுதிய எண்களிலிருந்து.

அந்த 2.13 அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்கும் தொகை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் பையிலிருந்து மணிக்கு அவ்வளவு கொடுத்தால் போதும். 1991-இல் வைத்தது, 34 வருடமாக ஒரு சென்ட் ஏறவில்லை. எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்றால் 17 டாலர் 4 சென்ட். மற்றவர்களுக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 7.25, அதுவும் 2009-க்குப் பிறகு அசையவில்லை. டிப்ஸையும் சேர்த்து அந்த 7.25-ஐத் தொடாவிட்டால் மீதியை முதலாளி போட்டுக்கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. “கேட்டா கொடுப்பாங்க அத்தை. அடுத்த வாரம் வெள்ளி, சனி ஷிஃப்ட் நமக்கு வராது” என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள், அதுதான் என்னைக் குத்தியது. மேசை துடைப்பவர், பானம் கலப்பவர், வாசலில் நின்று உட்காரவைப்பவர், எல்லாருக்கும் பரிமாறுபவர் தன் டிப்ஸிலிருந்து பங்கு கொடுக்கவேண்டும். டிப்-அவுட் என்கிறார்கள். அவள் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பங்கை அன்றைய விற்பனையை வைத்துக் கணக்குப் போடுவார்களாம், நூற்றுக்கு ஐந்து. 70 டாலர் பில்லுக்கு 3 டாலர் 50 சென்ட். நான் ஏழு எழுதினால் அதில் பாதி போய்விடும். ஒன்றுமே எழுதாமல் எழுந்து போகிற மேசைக்கு? பரிமாறியவர் தன் கைக்காசைப் போடவேண்டும்.

சிகாகோ இந்தியானா அளவுக்கு மோசமில்லை. 2023-இல் இந்த நகரசபை ஒரு சட்டம் போட்டது. டிப்ஸ்காரர்களுக்கென்று இருக்கும் குறைந்த கூலியை வருடா வருடம் ஏற்றி, 2028-இல் மற்றவர்கள் கூலியோடு சமமாக்குவது. இப்போது 12 டாலர் 62 சென்டில் நிற்கிறது, மற்றவர்களுக்கு 16.60. சரி, அந்த அம்மா 2.13-க்கு நிற்கவில்லை. இருந்தாலும் நான் எழுதிய ஏழு ஏழுதானே. வழக்கமாக இங்கே எழுதுவது நூற்றுக்குப் பதினெட்டோ இருபதோ. பாதியைத் தண்டமாகப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா 22 வருடம் ஓட்டலில் சர்வராக இருந்தவர். அவர் மகள் நான். இன்று தூக்கம் வருமா தெரியவில்லை.

நாள் 2 – வியாழன், புல்மன்

நகரத்தின் தெற்கே அரைமணிக்கு மேல் ரயிலில் போனால் புல்மன். ஜார்ஜ் புல்மன் என்பவர் ரயிலுக்குத் தூங்கும் பெட்டிகள் செய்த தொழிற்சாலையும், அந்தத் தொழிலாளர்களுக்காக அவரே கட்டிய ஊரும். சிவப்புச் செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக அப்படியே நிற்கின்றன. மகள் பெயரில் அவர் கட்டிய ஃப்ளோரன்ஸ் ஓட்டல் நிற்கிறது. மணிக்கூண்டு வைத்த நிர்வாகக் கட்டடம் 1998-இல் தீயில் வெந்து, மறுபடி எழுந்து, இப்போது தேசிய வரலாற்றுப் பூங்காவின் வரவேற்பு மையம். கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை, அதிலிருந்து 1894-இல் வெடித்த வேலைநிறுத்தம் நாடு முழுக்க ரயிலை நிறுத்தியது. அதற்கு ஒரு கூடம் முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான் தேடி வந்தது அந்தப் பெட்டிகளுக்குள்ளே வேலை பார்த்தவர்களை. நேற்றைய பேச்சுக்குப் பிறகு, இந்த 2.13 எங்கிருந்து முளைத்தது என்று அண்ணன் மகளைக் கேட்டேன். “புல்மன் போய்ப் பாருங்க” என்றாள்.

1860களின் கடைசியில், உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த கையோடு, புல்மன் தன் பெட்டிகளுக்குப் போர்ட்டர் தேடினார். அதுவரை அடிமைகளாக இருந்தவர்களைத் தேடித் தேடி எடுத்தார். படுக்கை போடுவது, பெட்டி தூக்குவது, ராத்திரியில் ஷூ துடைத்து வைப்பது, கூப்பிட்டால் ஓடுவது. சம்பளம் பெயருக்கு. மீதியைப் பயணிகள் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. ஷூ பாலிஷ் போர்ட்டர் காசில் வாங்கவேண்டும். சாப்பாடும் அவர் காசில். எந்தப் போர்ட்டராக இருந்தாலும் பயணிகள் கூப்பிட்ட பெயர் ஜார்ஜ். முதலாளி பெயரால் அடிமையைக் கூப்பிட்ட பழைய வழக்கம் அப்படியே ரயிலேறியது.

புல்மன் 1897-இல் இறந்தபிறகு அந்தக் கம்பெனிக்குத் தலைவரானவர் ராபர்ட் லிங்கன். ஆபிரகாம் லிங்கனின் மகன். அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தேன்.

சிலர் அப்போதே எதிர்த்திருக்கிறார்கள். டிப்ஸ் கொடுப்பதும் வாங்குவதும் குடியரசுக்கு ஒவ்வாதது, அது எஜமான்களின் ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம் என்று. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்தது. அயோவா, ஜார்ஜியா, மிசிசிப்பி என்று இன்னும் சில மாநிலங்களும் சட்டம் போட்டன. ஆனால் கூலியை யார் தருவது என்பதை அந்தச் சட்டங்கள் தொடவில்லை. 1926-க்குள் எல்லாம் எடுபட்டுப் போயின.

கூலியைத் தொட்டவர்கள் போர்ட்டர்கள்தான். 1925 ஆகஸ்ட் 25, நியூயார்க்கின் ஹார்லெமில் சங்கம் தொடங்கினார்கள். நூறு வருடம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தலைவராக ஏ. பிலிப் ராண்டால்ஃபைக் கொண்டுவந்தார்கள். அவர் போர்ட்டரே இல்லை. அதனால்தான் அவரை எடுத்தார்கள், கம்பெனியால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. 12 வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 25-இல், 1937-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாதத்துக்கு 400 மணி நேரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த வேலை 240-க்கு இறங்கியது, சம்பளம் ஏறியது. இதே ராண்டால்ஃப்தான் 1963-இல் கறுப்பின மக்கள் உரிமை கேட்டுத் திரண்ட வாஷிங்டன் பேரணியை முன்நின்று நடத்தியவர். அவர் பெயரில் இங்கே போர்ட்டர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சுவர் நிறைய அவர்கள் முகங்கள். சிரிக்காத முகங்களைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. பெட்டிக்குள்ளே அவர்கள் சிரித்தே ஆகவேண்டியிருந்திருக்கும்.

ஆனால் போர்ட்டர்கள் தாண்டிய கோட்டை ஓட்டல்காரர்களால் தாண்ட முடியவில்லை. 1938-இல் நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது ஓட்டலும் லாட்ஜும் அதற்கு வெளியே. 1966-இல் உள்ளே கொண்டுவந்தார்கள், ஒரு சலுகையோடு. கூலியில் பாதிவரை டிப்ஸைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்கு. குறைந்தபட்சக் கூலி ஏறினால் இந்தப் பாதியும் ஏறும் என்றாவது இருந்தது. 1996-இல் அந்த முடிச்சையும் அவிழ்த்து, 2.13-ஐ அந்த இடத்திலேயே உறையவைத்துவிட்டார்கள்.

டிப்ஸ் என்றால் மனம் குளிர்ந்து கொடுப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த நாட்டில் அது முதலாளி எழுதவேண்டிய சம்பளக் கணக்கில் ஒரு பகுதி. எழுதும் பேனாவை மட்டும் நம் கையில் கொடுத்துவிட்டார்.

நாள் 3 – வெள்ளி, ரயிலில்

மதியம் இரண்டு மணிக்கு சிகாகோ யூனியன் நிலையத்திலிருந்து கலிபோர்னியா ஜெஃபிர் கிளம்பியது. இரண்டடுக்குப் பெட்டிகள். எனக்குச் சின்ன அறை. எதிரும் புதிருமாக இரண்டு இருக்கை, நடுவில் மடக்கு மேசை, அவ்வளவுதான்.

எங்கள் பெட்டிக்கு ஓர் அட்டென்டர். ஏறும்போதே பெயர் சொல்லிக் கைகொடுத்தார். கடைசி நிலையம் வரை இவரேதான், மாற்றமில்லை. பெட்டியிலேயே ஒரு சிறிய அறையில் படுத்துக்கொண்டு, ராத்திரி நிற்கிற நிலையங்களில் எழுந்து ஆளை ஏற்றி இறக்குகிறார்.

சாயங்காலம் பர்லிங்டனில் மிசிசிப்பியைத் தாண்டினோம். அக்கரை அயோவா. ஒருகாலத்தில் டிப்ஸ் வாங்குவதைக் குற்றமாக்கிய மாநிலம். இன்று அங்கே டிப்ஸ்காரர் கூலி மணிக்கு 4.35. பாலத்துக்கு அந்தப் பக்கம் இல்லினாயில், சிகாகோவுக்கு வெளியே, 9 டாலர். ஆறு ஒன்றுதான், இந்தக் கரை ஓட்டலுக்கும் அந்தக் கரை ஓட்டலுக்கும் தட்டின் கனமும் ஒன்றுதான்.

எட்டு மணிக்குப் படுக்கை போட வந்தார். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். முழங்காலை ஓர் இருக்கையின் விளிம்பில் கொடுத்து அழுத்தி, கைப்பிடியை இழுத்தார். இரண்டு இருக்கையும் வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் ஒட்டிக்கொண்டன. மேல் படுக்கையை இறக்கி, அதில் சுருட்டி வைத்திருந்த மெத்தையை ஒரே வீச்சில் கீழே விரித்தார். ரயில் ஒரு வளைவில் ஆடியது. அவர் தோள் தானாகச் சுவரில் சாய்ந்துகொண்டது, கை மட்டும் விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டே இருந்தது. தலையணையை உள்ளங்கையால் இரண்டு தட்டு. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. “விடியற்காலையில் காப்பி படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

இதே வேலைதான், நேற்று சுவரில் பார்த்தவர்கள் செய்தது. ஆனால் இவருக்குச் சங்க ஒப்பந்தப்படி சம்பளம் இருக்கிறது. ராண்டால்ஃபின் சங்கம் 1978-இல் ரயில்வே எழுத்தர் சங்கத்தோடு சேர்ந்தது. அதன் வாரிசுச் சங்கம் இன்றைக்கும் இந்த ரயிலை ஓட்டும் ஆம்ட்ராக் கம்பெனியில் சேவை செய்கிறவர்களுக்காகப் பேசுகிற சங்கங்களில் ஒன்று. இவர் கையில் நான் கொடுக்கப்போவது வாடகைப் பணம் இல்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. கொடுக்காமல் இருக்கப்போவதில்லை, நிச்சயம் கொடுப்பேன். ஆனால் இவர் என்னிடம் சிரிப்பதற்கும் அந்தப் பணத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கிறது.

சாப்பாட்டுப் பெட்டியில் அறைப் பயணிகளுக்குச் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி. பில் வராது, சதவீதம் போட முடியாது. பலர் ஒன்றும் வைக்காமல் எழுந்து போகிறார்கள். பில் இல்லை என்றால் பரிமாறவில்லை என்றா அர்த்தம்? ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஐந்து டாலர் தட்டோரம் வைத்தேன். கிளம்புமுன் வங்கியில் ஒற்றை டாலராகவும் ஐந்தாகவும் மாற்றிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

நாள் 4 – சனி, கொலராடோ

கண் விழித்தபோது நெப்ராஸ்கா கடந்திருந்தது. டென்வருக்குப் பிறகு மலை. பத்துக் கிலோமீட்டர் மொஃபட் சுரங்கம், அப்புறம் மணிக்கணக்காகக் கொலராடோ ஆறு ஜன்னலோடு கூடவே வருகிறது. படம் எடுப்பதைக் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டேன்.

கண்ணாடிக்கூரை போட்ட பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் நெப்ராஸ்காவில் ஏறியவர். ரீனோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். சாலையோர ஓட்டலில் பரிமாறும் வேலை, பத்தொன்பது வருடமாக. நான் கேட்க நினைத்ததெல்லாம் தானாக எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

நெப்ராஸ்காவில் இந்த 2025-இல் குறைந்தபட்சக் கூலி 13.50, மக்கள் 2022-இல் வாக்களித்து ஏற்றியது. “உங்களுக்கு?” என்றேன். விரல்களால் காட்டினார்: இரண்டு, ஒன்று, மூன்று. வித்தியாசம் முழுவதும் டிப்ஸில் நிரம்பவேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி போடவேண்டும்.

அப்படியென்றால் டிப்ஸை ஒழித்துவிட்டு நேரான சம்பளம் கொடுத்தால் நல்லதுதானே என்றேன். உடனே தலையசைத்தார், வேண்டாம் என்று. வெள்ளி ராத்திரி நாலு மணி நேரத்தில் அவர் கையில் வருவதை எந்த முதலாளியும் சம்பளமாகத் தரமாட்டாராம். டிப்ஸ்காரர்களுக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுப்பதா என்று மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் வாக்குக்கு விட்டபோது மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், எதிர்த்துப் பேசியவர்களில் பரிமாறுகிறவர்களே ஏராளம். இவர்களுக்குத் தங்கள் நல்லது தெரியவில்லை என்று சொல்ல நான் யார்? வெள்ளி ராத்திரியின் கணக்கு அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமையின் கணக்கும் அவரே சொன்னார். காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மூன்று மேசை. ஒரு காப்பி, ஒரு டாலர். அப்புறம் கொஞ்சம் தயங்கி இன்னொன்று. வாடிக்கையாக வருகிற ஒருவர், எட்டு டாலர் சாப்பாட்டுக்கு இருபது வைப்பார். பில்லை வாங்கும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், விடமாட்டார். அந்த இருபதில் பெட்ரோல் போட்டாகிறது. அதனால் சிரிப்பாராம். சொல்லும்போது அவர் வலது கை இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் ஜூலையில் டிப்ஸுக்கு வரிச் சலுகை வந்திருக்கிறதே என்று கேட்டேன். 2025 முதல் 2028 வரை, வருடம் 25,000 டாலர் வரை டிப்ஸ் வருமானத்துக்குக் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எப்போதும்போல் உண்டு. அவருக்கு அதில் பெரிய லாபமில்லை. வருமானமே குறைவு, வரி கட்டியதும் சொற்பம். ஆனால் “இப்போது உங்களுக்கு வரி இல்லையே” என்று சொல்லிக் குறைத்து வைக்கிறவர்கள் வந்துவிட்டார்களாம்.

யூட்டாவைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. அங்கேயும் 2.13தான்.

நாள் 5 – ஞாயிறு, நெவாடா, கலிபோர்னியா

பாலைவனத்தில் விடிந்தது. நெவாடாவில் இந்தக் குறைந்த கூலியே கிடையாது. டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே 12 டாலர். அடுத்து கலிபோர்னியா, அங்கேயும் அப்படி, 2025-இல் 16.50. ஓரெகன், வாஷிங்டன், மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா சேர்த்து இப்படி ஏழு மாநிலம். அங்கெல்லாம் ஓட்டல்கள் திறந்துதான் இருக்கின்றன, ஜனங்கள் டிப்ஸ் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடுத்தால் நன்றி, கொடுக்காவிட்டாலும் அடுப்பெரியும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

ரீனோவில் அந்தப் பெண் இறங்கினார். பிளாட்பாரத்தில் மகள் காத்திருந்தாள். சீயெரா மலையில் ஏறி இறங்கி, மாலையில் எமரிவில், கடைசி நிலையம்.

இறங்குவதற்கு அரைமணி முன்னால் அட்டென்டரிடம் கொடுத்தேன், இரண்டு ராத்திரிக்கு 40 டாலர். எவ்வளவு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ராத்திரிக்குப் பத்து என்றார்கள் சிலர், இருபது என்றார்கள் சிலர். நடுராத்திரி மூன்று மணிக்கு எல்கோவில் ஒரு கிழவரை அவர் கைத்தாங்கலாக இறக்கியதை ஜன்னலில் பார்த்திருந்தேன். இருபதாகவே வைத்துக்கொண்டேன். கடைசியில் பிளாட்பாரத்தில், எல்லாரும் பெட்டியோடு நெருக்கும்போது கொடுத்தால் பிச்சை போடுவதுபோல் ஆகிவிடும். நடைபாதையில், அவர் கை காலியாக இருக்கும்போது, மடித்து, பெயர் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை எண்ணிப் பார்க்கவில்லை. என் பெயரைச் சரியாக உச்சரித்து நன்றி சொன்னார். முதல் நாள் கேட்டுக்கொண்டது.

அப்பாவும் எங்கள் முன்னால் எண்ணியதில்லை. ராத்திரி வந்ததும் சட்டைப்பையைச் சமையலறை டப்பாவில் கவிழ்ப்பார், சத்தம் மட்டும் கேட்கும்.

நாள் 6 – திங்கள், சான் பிரான்சிஸ்கோ

காலையில் காப்பிக் கடை. காசு வாங்கும் இடத்தில் ஒரு திரை. நம் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்: 18, 20, 25. பின்னால் வரிசை நிற்கிறது, எதிரில் அந்தப் பையன் கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு நிற்கிறான். இந்த நகரத்தில் 2025 ஜூலையிலிருந்து குறைந்தபட்சக் கூலி 19.18. கோப்பையை நீட்டியதற்கு நூற்றுக்கு இருபது நான் கொடுக்கவேண்டியதில்லை. நானாக ஒரு டாலர் என்று தட்டினேன். ஒன்றும் கொடுக்காமல் போகிறவரையும் நான் குறை சொல்லமாட்டேன். திரை கேட்பதால் கடன் ஆகிவிடாது. அந்த மனிதருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்பதைப் பார்த்தால் போதும். இன்னொன்று, சில திரைகள் வரியையும் சேர்த்த தொகைக்குச் சதவீதம் போடுகின்றன. வரிக்கு எதற்கு டிப்ஸ்? வரிக்கு முந்தைய தொகையை மனதில் வைத்து நாமே போட்டுக்கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டு பில்லில் ஏற்கனவே நூற்றுக்கு இருபது சேவைக் கட்டணம். அதற்குக் கீழேயும் அந்தக் காலிக் கோடு. பரிமாறியவரிடம் மெதுவாகக் கேட்டேன்: “இந்த இருபது உங்களுக்கு வருமா?” முழுவதும் வராது, சமையல்கட்டோடு சேர்த்துப் பிரித்து மணிக்கூலியில் ஏற்றுவார்கள் என்றார், கேட்டதற்கு நன்றி என்றும் சொன்னார். இந்த வித்தியாசம் தெரிந்துகொள்ளவேண்டியது. நாம் விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் தொழிலாளியின் சொத்து. முதலாளியோ மேனேஜரோ அதில் கை வைக்கக்கூடாது என்று 2018-இல் கூட்டாட்சிச் சட்டத்தில் திருத்தமே வந்தது. சேவைக் கட்டணம் என்று பில்லில் அச்சடித்தால் அது கூட்டாட்சிச் சட்டப்படி கடையின் வருமானம், பிரிப்பது கடையின் இஷ்டம். பில்லில் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக எழுந்து வருவோம், அவர் கைக்கு என்ன போயிற்று என்று தெரியாது. கேட்பதில் வெட்கம் இல்லை. நான் மூன்று டாலர் கையில் கொடுத்தேன்.

எல்லாரும் மறந்துவிடுகிற ஒருவர் உண்டு: லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவர். அவர் முன்னால் திரையும் வராது, சீட்டும் வராது. நாம் வெளியே போனபிறகு வருவார், நாம் வருவதற்குள் போய்விடுவார். கடைசி நாள் மொத்தமாக வைக்கலாம் என்று வைத்தால், நான்கு நாள் குளியலறை துடைத்தவர் ஒருவராக இருப்பார், பணத்தை எடுப்பவர் வேறொருவராக இருப்பார். அதனால் தினமும் வைக்கவேண்டும். சும்மா மேசையில் நோட்டை வைத்தால் அவர் தொடமாட்டார். விருந்தாளி மறந்து வைத்த பணமாக இருந்தால் திருட்டுப் பட்டம் வரும். ஒரு தாளில் ‘அறை சுத்தம் செய்பவருக்கு, நன்றி’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, அதன்மேல் ஐந்து டாலர், தலையணை மேல். சாயங்காலம் வந்து பார்த்தபோது பணம் இல்லை, தாள் மேசைக்கு வந்திருந்தது. மடிப்பில்லாமல், மேசை விளிம்புக்கு நேராக வைத்திருந்தார். நாளைக்கும் அதே தாள் போதும்.

ராத்திரி அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். ஒரு உதவி கேட்டேன்.

நாள் 7 – செவ்வாய்

அவள் இன்று வேலை முடிந்து அந்த ஓட்டலுக்குப் போயிருக்கிறாள். நான் சொன்னபடி பத்து டாலரை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, புதன்கிழமை எங்கள் அத்தை குறைவாக எழுதிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“அவங்களுக்கு நம்மள ஞாபகமே இல்ல அத்தை. எந்த டேபிள்னு கேட்டாங்க. ஜன்னல் பக்கம்னு சொன்னேன்.”

அப்புறம் ஏப்ரன் பையில் கைவிட்டு, ஒற்றை டாலர் நோட்டு இரண்டை எடுத்து மேசை துடைக்கும் பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தாராம். புதன்கிழமை ஜன்னல் பக்கம் துடைத்தது அவன்தான்.